ஒண்ணுமே இல்லாத செஞ்சிக்கோட்டை

காலையிலிருந்து ஆளாளுக்கு அந்த ரீல்ஸை எனக்கே அனுப்பிட்டிருக்கீங்க. பார்த்துட்டேன். "செஞ்சிக்கோட்டையில ஒண்ணுமே இல்ல மக்களே, இடிஞ்ச சுவரு, வெயிலு, குரங்கு." லைக் வேற குவியுது. சந்தோஷம்.

ரீல்ஸ் போட்ட தம்பி மலை அடிவாரத்துல இருக்கற கல்யாண மகால் முன்னாடி நின்னு பேசுறாரு. நிழலைப் பார்த்தா சாயங்காலம். அந்த நேரத்துக்கு கோட்டையோட பெரிய மலையான ராஜகிரியில ஏறவே விடமாட்டாங்க. ஆக, அவர் மலை ஏறலை. ஔரங்கசீப் படை 1690லிருந்து 1698 வரைக்கும் இதைப் பிடிக்க அல்லாடுச்சு. கடைசியா உள்ளே நுழைஞ்சா, அங்கே இருந்த சிவாஜி மகன் ராஜாராம் தப்பிச்சுப் போயிருந்தாரு. அந்த மலையை இவர் அடிவாரத்துல நின்னே முடிச்சுட்டாரு.

ஏறியிருந்தா தெரிஞ்சிருக்கும். வாசலுக்கு மேல வாசல். உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி பாறை பிளந்து கிடக்கும்; சின்னப் பாலத்தைத் தாண்டித்தான் போகணும். பாலத்தை எடுத்துட்டா நாலு பேர் போதும், ஒரு படையையே நிறுத்த. அதுக்கும் மேல ரங்கநாதர் கோயில், பீரங்கி. ஒண்ணுமில்லையாம்!

"ஊர்ப்பாசத்துல பேசாதீங்க"ன்னு ஒருத்தர் வருவாரு. ஆமாங்க, ஊர்ப்பாசம்தான். எங்க பெரியப்பா செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜா கதையை எடுத்தா தட்டுல சோறு ஆறிப்போகும். 1714ல, இருபத்திரண்டு வயசுல, ஆற்காடு நவாப் படையோட மோதிச் செத்த பையன்னு சொல்லும்போதே அவருக்குத் தொண்டை அடைக்கும். எத்தனை தடவை சொன்னாலும் அடைக்கும். அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க, ஒண்ணுமில்லைன்னு.

"வசதி இல்லையே?" இல்லதான். தண்ணி கொண்டு போங்க. அடுத்து.

"அது மராட்டியர் கோட்டை, நமக்கென்ன?" இதுக்குத்தான் பத்திக்கிட்டு வருது. 2025ல மராட்டிய ராணுவ நிலப்பரப்புன்னு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்த 12 கோட்டையில தமிழ்நாட்டுல இருக்கறது இது ஒண்ணுதான். சிவாஜி 1677ல பிடிச்சாரு, யார் இல்லைன்னா? அதுக்கு முன்னாடி கோனார்கள், நாயக்கர்கள், பீஜப்பூர்க்காரங்க; பின்னாடி முகலாயர், நவாப், பிரெஞ்சுக்காரன், இங்கிலீஷ்காரன். இத்தனை பேரும் ஒண்ணுமில்லாத இடத்துக்கா அடிச்சுக்கிட்டாங்க?

பிரெஞ்சுக்காரன் வெங்கட்ரமணர் கோயில் தூணையே பேத்துப் புதுச்சேரிக்குக் கொண்டு போனான். கடற்கரையில காந்தி சிலையைச் சுத்தி நிக்குதே, அதுங்கதான். அங்கே சாஞ்சு நின்னு செல்ஃபி எடுத்து "செம ஹெரிடேஜ்"னு போடுறீங்க. அதே தூண் எங்க ஊர்ல நின்னா இடிஞ்ச சுவரு.

திருவண்ணாமலை கிரிவலத்துக்கு எங்க ஊர் வழியாத்தான் போறீங்க. டீ குடிக்க நிறுத்துறீங்க. மலையை அண்ணாந்துகூடப் பார்க்கறதில்ல. பார்க்க வர்ற சில பேருக்கும் சுவர்ல சாவியால காதலி பேர் கிறுக்கத்தான் நேரம் இருக்கு.

இதுக்குக் கீழேயும் "அங்க சாப்பாடு எங்க நல்லாயிருக்கும் ப்ரோ"ன்னுதான் கேட்பீங்க. கேளுங்க.