நான்கு வழிச்சாலை வேலையில் 75 சதவீதம் குமரிக்காரர்களுக்கா?

"குமரி நான்கு வழிச்சாலைப் பணியில் 75 சதவீத வேலை உள்ளூர்க்காரர்களுக்கே, இது சட்டம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. தமிழ்நாட்டில் அப்படியொரு சட்டம் கிடையாது. ஹரியானா 2020-ல் தனியார் வேலைகளுக்குக் கொண்டுவந்த 75 சதவீதச் சட்டத்தையும் 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. இதை நம்பி யாரிடமும் பணம் கட்டிவிடாதீர்கள்.

சரி, உண்மையில் என்ன இருக்கிறது? மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். மணவாளக்குறிச்சி மணல் ஆலையை நடத்தும் மத்தியப் பொதுத்துறை நிறுவனமான ஐ.ஆர்.இ.எல்.-க்கும் இது பொருந்தும். குமரிக்கென்று தனி ஒதுக்கீடு இல்லை. சாலை போடும் ஒப்பந்தங்களும் இதில் சேராது. ஆனாலும் நாகர்கோவில் பட்டறைக்காரர்கள் குறு, சிறு நிறுவனங்களைப் பதிவு செய்யும் மத்திய அரசின் 'உத்யம்' இணையதளத்தில் கட்டாயம் பதிவு செய்யுங்கள். கட்டணமே இல்லை, டெண்டர் போடும்போது கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கும் உண்டு.