அப்பாயியின் ஃபேமிலி கார்டும் சேரம்பாடி டீக்கடையும்

போன மாதம் நீலகிரியில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஊரான சேரம்பாடி போயிருந்தேன். சித்தப்பாவோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஜார்க்கண்ட் ஆட்கள் நாலைந்து பேர் வேலை முடிந்து போய்க்கொண்டிருந்தார்கள். "இவனுங்க வந்துதான்டா நம்ம பொழப்பு போச்சு. எங்கிருந்தோ வந்து கூலியக் கெடுக்கறானுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குக் கோபம். ஏன் சிரித்தேன் என்று அங்கே சொல்லத் தைரியம் வரவில்லை, இங்கே எழுதுகிறேன். அவர் முகநூலில் இல்லை.

சித்தப்பா பிறந்தது இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீட்டில். அப்பாயியும் அங்கேதான் பிறந்தாள். அவளுடைய தாத்தா காலத்தில் துறையூர்ப் பக்கமிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிப்போன குடும்பம். 1948 இல் சிலோனுக்குச் சுதந்திரம் வந்த அதே வருடம் ஒரு குடியுரிமைச் சட்டமும் வந்தது. நீ இங்கே பிறந்தது போதாது, உன் அப்பனும் இங்கே பிறந்தான் என்று காட்டு. இல்லையென்றால் தாத்தனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு. லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் சான்றிதழ் எழுதி வைத்தார்கள்? 1947 தேர்தலில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தோட்டத்து சனத்துக்கு, 1952 தேர்தலில் ஓட்டே இல்லை.

அப்புறம் 1964. இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். நாடில்லாமல் நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974 இல் சிறிமாவும் இந்திராவும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் குடும்பம் கப்பல் ஏறியதும் அதே 1974 இல்தான்.

இந்தியாவுக்கு அனுப்பும்போது குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுத்த ஃபேமிலி கார்டு அப்பாயியின் தகரப்பெட்டியில் இன்னும் இருக்கிறது. ஆறு பேரும் ஒரே படத்தில், ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. 'தாயகம் திரும்பியோர்' என்று அரசாங்கம் எங்களுக்கு அழகான பெயர் வைத்தது. அதுவரை பார்த்தேயிராத ஊருக்கு எப்படித் திரும்புவது என்று நான் அப்பாயியைக் கேட்டிருக்கிறேன். "அதெல்லாம் எழுதுறவங்களுக்குத் தெரியும் சாமி" என்பாள்.

மண்டபம் முகாமிலிருந்து நேராகத் துறையூர்ப் பக்கத்துப் பூர்வீக ஊருக்குத்தான் போனார்கள். பங்கு கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பங்காளிகள் திண்ணையோடு திருப்பி அனுப்பினார்கள். கோத்தகிரியில் காய்கறித் தோட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மலையேறினார்கள். அங்கே கேட்ட பேச்சை அப்பாயி அப்படியே நடித்துக் காட்டுவாள்: "சிலோன்காரன் வந்துதான் கூலி கெட்டுச்சு." சிலோனில் கள்ளத்தோணி, இங்கே அகதி. கடையில் போய் ரொட்டிக்குப் 'பாண்' என்று கேட்டால் யாருக்கும் புரியாது, சோப்புக்குச் 'சவர்க்காரம்' என்று கேட்டால் சிரிப்பார்கள். பிறகு 1978 இல் தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் வேலை கிடைத்துச் சேரம்பாடி வந்தார்கள். திரும்பி வந்தவர்களுக்கு வேலை தரத்தான் அரசாங்கம் அந்தத் தோட்டங்களையே போட்டது.

அந்தத் தோட்டங்கள் வந்த இடம் காடு. பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர் காலங்காலமாக இருந்த காடு. 'நாங்கதான் இந்த ஊரு' என்று எங்கள் ஆட்கள் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருப்பது இதனால்தான். கூடலூர், பந்தலூரில் யார் முதலில் வந்தது என்று வரிசை போட்டால் நாங்கள் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால்தான் நிற்போம்.

சித்தப்பா சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கூலி விஷயம் நிஜம். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951 இலேயே வீடு, மருத்துவம், பிள்ளைமடுவம் (குழந்தைக் காப்பகம்) எல்லாம் கொடு என்று சொல்லிவிட்டது. காண்ட்ராக்டில் வந்து போகிற ஆளென்றால் இதில் பாதியைக் கொடுக்காமல் தப்பிக்கலாம். லாபம் யாருக்கு என்று பார்த்துவிட்டுத் திட்டினால் நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன். கொழுந்துப் பையோடு போகிற பொம்பளையைப் பார்த்துத் திட்டுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. அவளாவது இந்த நாட்டுக்குள்ளேயே இடம் மாறி வந்தவள். நாம் கடல் தாண்டி வந்தோம்.

"அவங்க தமிழ் பேசல, நம்ம பழக்கம் தெரியல" என்கிறார்கள். தமிழ் கற்றுக்கொள்ளட்டும் என்று எதிர்பார்ப்பதில் எனக்கும் சம்மதம்தான். ஆனால் ஒன்று: நாங்கள் தமிழ் பேசிக்கொண்டுதான் வந்து இறங்கினோம். என் அக்காவுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க ஓர் அலுவலகத்துக்குப் போனால், "ஒங்க பூர்வீகம் எது, அங்க போய் வாங்கு" என்றார்கள். துறையூரில் கேட்டால், "நீங்க சிலோனாச்சே." மொழி அன்றைக்கு ஒரு உதவிக்கும் வரவில்லை. அக்கா அந்த வருடம் கல்லூரியில் சேரவில்லை.

அன்றைக்கு டீ குடித்து முடிக்கும் முன் இன்னொன்று நடந்தது. ஒரு ஜார்க்கண்ட் அம்மாவும் ஏழெட்டு வயதுப் பெண் குழந்தையும் கடைக்கு வந்தார்கள். அம்மா ஏதோ சொல்ல, குழந்தை எட்டிப் பார்த்து, "அண்ணா, துணி சோப்பு ஒண்ணு, பத்து ரூவாது" என்றது. மலைப் பேச்சின் இழுப்பு அப்படியே இருந்தது. சோப்பை எடுத்துக் கொடுத்தபடி கடைக்காரர் கேட்டார், "எந்த ஊரு பாப்பா நீயி?"

"சேரம்பாடி."

சித்தப்பா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "பாருடா, எப்படிப் புளுகுது" என்றார். சொல்லும்போது அவருக்கே லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது.