தலைக்காயத்துக்குப் பின் மனச்சோர்வு மாத்திரை: பரவும் தகவல் தவறு

"தலையில் அடிபட்டவர் மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டால் மூளை செயலிழக்கும், உடனே நிறுத்துங்கள்" என்று குன்னூர், கோத்தகிரி வாட்ஸ்அப் குழுக்களில் பரவும் தகவல் தவறானது.

மூளைக்காயத்துக்குப் பின் மனச்சோர்வு பலருக்கும் வருகிறது. தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்து, காயம் ஆறிய பிறகும் கொழுந்து பறிக்கப் போகாமல் கம்பளிக்குள் சுருண்டு கிடப்பவரைச் சோம்பேறி என்பது பெரும் அநியாயம். அவருக்குச் செர்ட்ராலின் போன்ற மருந்தை மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கி, மெல்ல உயர்த்துவார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதுமில்லை. வலிப்பு அபாயத்தைக் கூட்டக்கூடிய புப்ரோபியான் போன்றவற்றில் கூடுதல் எச்சரிக்கை தேவை என்பது உண்மை. அதை எல்லா மாத்திரைகளுக்கும் நீட்டுவதே பிழை.

திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், தூக்கமின்மை வரலாம்; மனச்சோர்வும் திரும்பலாம். ஐயமிருந்தால் மனநல மருத்துவரிடமோ, 24 மணி நேரமும் இயங்கும் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416-இலோ கேளுங்கள். அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.