பெயர்ப்பலகையை அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள்

"மட்டக்களப்பு மாநகர சபையில் தீர்மானம் எடுத்தாயிற்று, நாளை முதல் பழைய பெயர்ப்பலகைகளுக்குத் தண்டம்" என்று மேலே எழுதியிருக்கும் தம்பி, இது தவறு. இதை நம்பி எங்கள் தெருத் தையற்கடை ஐயா நேற்று மாலை ஏணி வைத்துத் தம் தகரப் பலகையைக் கழற்றத் தொடங்கிவிட்டார். மஞ்சள் பெயின்டில் கையால் எழுதிய பலகை; ஓர் ஆணி வளைந்து பலகையின் மூலையும் பிய்ந்துவிட்டது. பார்க்கவே மனம் கேட்கவில்லை.

சபைத் தீர்மானம் வேறு, உபவிதி (சபை தன் எல்லைக்குள் ஆக்கும் சட்ட விதி) வேறு. 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டப்படி, சபை ஆக்கும் உபவிதிக்கு அமைச்சரின் அங்கீகாரம் வேண்டும். அரசின் அதிகாரபூர்வ இதழான வர்த்தமானியிலும் வெளியாக வேண்டும். அதற்கு முன் அது எவரையும் கட்டுப்படுத்தாது. இப்போதுள்ள விதிகள் அதுவரை அப்படியே இருக்கும், ஆகவே நடைபாதையை மறித்து நிற்கும் பலகைகளுக்கு இது சாக்காகாது.

விதிகளைப் புதுப்பிக்கத்தான் வேண்டும். இரவில் கண்ணைக் கூசவைக்கும் மின்திரைகள் பழைய விதிகளை எழுதியவர்கள் காணாதவை. வர்த்தமானி இலக்கமும் திகதியும் இருந்தால் இங்கே போடுங்கள். இல்லையென்றால் பதிவைத் திருத்திவிடுங்கள், தம்பி. இன்னும் பல கடைக்காரர்கள் அதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.