அந்த 571 சும்மா வரவில்லை

சனிக்கிழமை ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கான பாராட்டு விழாவில் கோச்சிங் சென்டர் நடத்தும் ஒருவர் பேசிய வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன், முடியவில்லை.

600க்கு 571 எடுத்த பிள்ளையைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே, "ப்ளஸ் டூ மார்க்கை இனி யாரும் கேட்கப் போவதில்லை, ஷீல்டை வீட்டில் வைத்துவிட்டு கோச்சிங்குக்கு வாங்க" என்கிறார். அதற்குக் கைதட்டல் வேறு.

முதலில் அது பொய். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு இன்றைக்கும் ப்ளஸ் டூ மார்க்கில்தான் நடக்கிறது. கணக்குக்கு 100, இயற்பியல், வேதியியலுக்கு ஐம்பது ஐம்பது, ஆக 200. வேளாண்மை, கால்நடை, அரசு கலைக் கல்லூரி எல்லாமே மார்க்தான். மருத்துவத்தில்தான் 2017இலிருந்து நாடு முழுக்க நடக்கும் நீட் நுழைவுத் தேர்வு வந்து உட்கார்ந்துகொண்டது. அங்கே ப்ளஸ் டூ வெறும் தகுதி மார்க்காகிவிட்டது.

நான் 2007 பேட்ச். நுழைவுத் தேர்வு இல்லாமல் பொறியியல் சேர்ந்த முதல் செட். அதற்கு முந்தின வருடம் வரை கட்ஆஃப் 300க்கு, அதில் 100 நுழைவுத் தேர்வுக்கு. தமிழக அரசு போட்ட ஆனந்தகிருஷ்ணன் குழு சொன்ன பிறகு 2006இல் சட்டம் போட்டு அதை எடுத்தார்கள். அது கோர்ட்டில் நிற்குமா என்று தெரியாமலேயே பரீட்சை எழுதினோம். எங்கள் ஊரில் ஏது கோச்சிங் சென்டர்? இயற்பியல் சார்தான் சாயந்திரம் உட்கார வைத்து பத்து மார்க் கேள்விகளை எழுத வைப்பார். கரண்ட் போனால் வராண்டாவுக்கு வந்து எழுதுவோம். அப்புறம் கிண்டியில் கலந்தாய்வு. அப்பா சர்ட்டிபிகேட் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் சீட் எண்ணிக்கை குறையக் குறைய, "நம்ம நம்பர் வரைக்கும் இருக்குமாம்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இருந்தது. அந்த மார்க்தான் வாங்கிக் கொடுத்தது.

ப்ளஸ் டூ என்றாலே மனப்பாடம் என்பீர்கள். சரி, நான்கு விடையில் ஒன்றைக் கறுப்பாக்குவதற்குப் பழைய கேள்வித்தாள்களை வருடக்கணக்கில் போட்டுப் பழகுகிறார்களே, அது என்ன? ப்ளஸ் ஒன் பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருடமும் ப்ளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்த பள்ளிகள் இருந்தன, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பள்ளிகளைக் கேளுங்கள், பிள்ளையின் மார்க்கை ஏன் மிதிக்கிறீர்கள்?

நாடு முழுக்க ஒரே அளவுகோல் வேண்டாமா என்று இன்னொருவர். யாருக்கு ஒரே அளவு? ஒரு வருடம் வேலை வெட்டிக்கு அனுப்பாமல் பிள்ளையை வீட்டில் வைத்து, பணம் கட்டி மறுபடி எழுத வைக்க முடிந்தவர்களுக்கும் முடியாதவர்களுக்குமா? 2020-21இல் இங்கே மருத்துவம் சேர்ந்தவர்களில் முதல் முயற்சியில் வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்று, நீட்டின் பாதிப்பை ஆராய தமிழக அரசு போட்ட ஏ.கே. ராஜன் குழு எழுதியிருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறதே என்கிறீர்கள், அதுவும் நீட்டைத் தாண்டினால்தான். தரம், தரம் என்கிறீர்களே, 2023இல் முதுநிலை மருத்துவத்துக்குத் தகுதி பர்சன்டைலைப் பூஜ்யத்துக்கு இறக்கியபோது ஏன் யாரும் மேடையேறவில்லை? நீட்டால் மருத்துவ சீட் கிடைக்காமல் 2017இல் உயிரை விட்ட அரியலூர் அனிதா ப்ளஸ் டூவில் 1200க்கு 1176. அந்த எண்ணை என்னால் மறக்க முடியாது. அதையும் யாரும் கேட்கவில்லைதான்.

கோச்சிங் நடத்துவது அவர் தொழில், நடத்தட்டும். ஆனால் பாராட்டக் கூப்பிட்ட மேடையில் நின்று, ஒரு பிள்ளையின் இரண்டு வருட உழைப்பைச் செல்லாக்காசு என்று சொல்ல அவருக்கு என்ன உரிமை இருக்கிறது? அவள் அம்மா கட்டட வேலையில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சிமென்ட் பட்ட கையோடு அவரும் தட்டினார், என்ன சொல்கிறார்கள் என்று புரியாமல்.

விழா முடிந்ததும் அந்தப் பிள்ளையைப் போய்ப் பார்த்தேன். ஷீல்டைத் துப்பட்டாவால் மூடிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். "அக்கா, நான் நர்சிங்குக்குத்தான் போட்டிருக்கேன். அதுக்கும் இந்த மார்க்கப் பாக்க மாட்டாங்களா?" என்றாள்.

பார்ப்பார்கள்மா, அதை வைத்துத்தான் சீட்டே கொடுப்பார்கள் என்றேன். அவள் நம்புவதற்கு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.