பட்டியலில் இல்லாத விடை

எது பெரிய பிரச்சினை என்று சனத்திடம் கேட்ட கருத்துக்கணிப்பின் முடிவு என்று மூன்று நாட்களாக எல்லோரும் பகிரும் அந்தப் படத்தை நானும் பார்த்தேன். 'விலைவாசி' என்ற நீலத் தூண் படத்தின் உச்சியைத் தொட்டு நிற்கிறது. நான் மதிக்கும் அண்ணர் ஒருவர் அதைப் பகிர்ந்து, வன்னிச் சனமே போர்க்காலத்துப் பழையதை விட்டுவிட்டது, நாங்கள்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்று எழுதியிருக்கிறார். ஒரு தூணைப் பார்த்தே சனத்தின் மனதை அளந்த அவருடைய கெட்டித்தனத்துக்கு என் வாழ்த்துகள்.

நான் சொல்வது ஒன்றுதான். விடைகளை முதலே எழுதி வைத்துக்கொண்டு எது பெரிது என்று கேட்டால், எழுதியவருக்குத் தோன்றிய பிரச்சினைகள்தான் வரிசைக்கு வரும். அமெரிக்காவில் கலப் (Gallup) என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 1930களிலிருந்து, நாட்டின் மிக முக்கியமான பிரச்சினை எது என்று பட்டியல் கொடுக்காமலே கேட்டு வருகிறது. எங்கள் வாசலுக்கு வந்ததோ ஒன்பது விடைகள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பீர்கள். பானை முழுவதும் ஒரே அடுப்பில் வெந்திருந்தால் சரி. 2012 குடிசன மதிப்பீட்டின்படி வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 2,05,000 பேர். இலங்கை முழுவதும் இரண்டு கோடியைத் தாண்டியவர்கள். ஆயிரம் பேரிடம் விகிதப்படி கேட்டால் இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் பத்துப் பேர்தான் கிடைப்பார்கள். அந்தப் பத்துப் பேரை வைத்துத்தான் வன்னிச் சனம் மறந்துவிட்டது என்கிறீர்களா?

விலைவாசி பிரச்சினை இல்லையா என்று கேட்க வேண்டாம். 2022இல் மண்ணெண்ணெய்க் கானுடன் விடியும் வரை வரிசையில் நின்றவனுக்கு அந்தப் பாடம் தேவையில்லை.

எங்கள் வீட்டுக்கும் இந்தக் கணிப்புக்காக ஒரு தம்பி டப்போடு (தொடுதிரைக் கணினியோடு) வந்தார். அம்மா யோசிக்கவே இல்லை. "என்ர மூத்தவன் எங்கையெண்டு தெரியேல்லை, அதுதான் பிரச்சினை" என்றார். அந்தப் பிள்ளை திரையை மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடினார். வேர்வை விரல் வழுக்கியது. 2009இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் தொடங்கி எத்தனையோ படிவங்களில் அண்ணாவின் பெயரை எழுதிக் கொடுத்தவர் அம்மா. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில், முழங்கால் வீக்கத்தோடு போய் அமர்ந்தவர். பெயருக்கு இடமில்லாத படிவத்தை அந்தத் தம்பி வந்த அன்றுதான் பார்த்தார்.

இதை உணர்ச்சிவசப்பட்ட பேச்சு என்று ஒதுக்குபவர்கள் ஒதுக்கலாம். முன்பின் தெரியாதவர் படலையைத் திறந்து கேள்வி கேட்டால் என்ன சொல்வது, எதை விழுங்குவது என்று பதினைந்து வருடத்துக்கு மேலாகப் பழகிய ஊர் இது. அம்மாவைப் போல் எல்லோரும் வாயைத் திறப்பதில்லை.

அந்தப் பிள்ளையின் முகம் வாடியதைப் பார்த்து அம்மாவே சொன்னார்: "அப்ப விலைவாசி எண்டு போடு ராசா, வெயிலுக்கை நிக்காதை." தம்பி அழுத்தினார். பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

அண்ணர், நீங்கள் பகிர்ந்த நீலத் தூணுக்குள் என் அம்மாவும் நிற்கிறார்.