ஜெடாய் மடமும் ஷ்மியின் சம்மதமும்

ஸ்டார் வார்ஸ் படங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அவற்றில் வரும் ஜெடாய்கள் என்ற துறவிப் போர்வீரர்கள் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஒரு தரப்பும், பெற்றோரின் சம்மதத்துடன்தானே அழைத்துச் செல்கிறார்கள் என்று மறுதரப்பும் மல்லுக்கு நிற்கின்றன. அந்தச் சம்மதம் எந்த நிலையில் இருந்தவரிடம் பெறப்பட்டது என்பதை மட்டும், அனகின் என்ற சிறுவனின் தாய் ஷ்மியின் விஷயத்தில்கூட, இரு தரப்புமே கேட்பதில்லை. (ஜெடாய்களின் அமைப்பான ‘ஜெடாய் ஆர்டர்’ என்பதை நான் மடம் என்றே எழுதுகிறேன். குரு, சீடன், துறவு எல்லாம் அச்சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.)

ஃபோர்ஸ் எனும் ஆற்றல் கொண்ட பிள்ளைகளை இரத்தத்தில் உள்ள மிடி-குளோரியன் என்ற நுண்ணுயிர்களின் எண்ணிக்கையால் அடையாளம் கண்டு, விவரம் தெரியும் முன்பே தலைநகர்க் கிரகமான கோரஸாண்டில் உள்ள தம் கோயிலுக்குக் கொண்டுவந்து வளர்ப்பது மடத்தின் வழக்கம். பின்னாளில் அனகினின் சீடையாகும் அசோகாவை, ஜெடாய் குரு ப்ளோ கூன் அழைத்துவந்தபோது அவளுக்கு வயது 3. பற்று இழப்பின் அச்சத்தைத் தரும், அச்சம் சினத்தில் கொண்டுபோய் விடும், ஆகவே பற்று வேர்விடும் முன்பே பிரித்துவிட வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு.

பின்னாளில் இருளின் பக்கம் சாய்ந்து டார்த் வேடர் என்ற வில்லனாகும் அனகினுக்கு, 1999இல் வந்த ‘தி ஃபேன்டம் மெனஸ்’ படத்தில் 9 வயது. டாட்டூயின் கிரகத்தில் தாய் ஷ்மியும் அவனும் வாட்டோ என்ற பழைய பொருள் வியாபாரியின் அடிமைகள். ஓர் இரவு, சிறுவனின் கையிலுள்ள காயத்தைத் துடைத்தபடியே, அங்கு வந்திருக்கும் ஜெடாய் குரு குவை-கான் ஜின் சிறிது இரத்தம் எடுக்கிறார். எதற்கு என்று அவன் கேட்க, தொற்று இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்கிறார். அந்த இரத்தம் கப்பலில் இருக்கும் அவருடைய சீடன் ஓபி-வானின் சோதனைக்குப் போகிறது. எண்ணிக்கை 20,000க்கும் மேல். மடத்தின் மூத்த குரு யோடாவுக்கே அவ்வளவு இல்லை. மடத்தின் முதல் தேர்வு ஒரு பொய்யில் தொடங்கியதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டியும், அக்காட்சியை யாரும் பெரிதாகப் பேசாதது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

அடுத்தது பகடை. அனகின் ஓட்டவிருக்கும் பந்தயத்தில் வென்றால் தாய், மகன் இருவரையும் விடுவிக்க வேண்டும் என்று குவை-கான் கேட்டுப் பார்க்கிறார். வாட்டோ மறுத்து, நீலம் விழுந்தால் மகன், சிவப்பு விழுந்தால் தாய் என்கிறான். குவை-கான் கையை லேசாக அசைக்க, பகடை நீலத்தில் நிற்கிறது. பின்பு மகன் விடுதலையானதும், முடிவு உன்னுடையது என்று ஷ்மி அவனிடமே விட்டுவிடுகிறாள். அடிமைத் தாயோடு அங்கேயே கிடப்பதா, ஜெடாய் ஆவதா என்ற இரண்டு மட்டுமே எதிரில் இருக்கும்போது, எந்தத் தாய் தடுப்பாள்? அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அன்றைய நெருக்கடியில் குவை-கானால் அவ்வளவுதான் முடிந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். பிறகு என்ன ஆயிற்று? மடத்தின் சபை முன் நின்ற சிறுவனிடம் யோடா, தாயை இழந்துவிடுவோமோ என்று அஞ்சுகிறாய் என்று சரியாகக் கண்டுபிடித்துச் சொல்கிறார். கண்டுபிடித்தவர்கள் அந்த அச்சத்தின் காரணத்தை அகற்ற ஒரு கப்பலை அனுப்பியிருக்கலாம். பத்து ஆண்டுகள் யாரும் போகவில்லை. கடைசியில் ஷ்மியை மீட்டு மணந்துகொண்டவர் கிளிக் லார்ஸ் என்ற, காற்றின் ஈரத்திலிருந்து நீர் எடுக்கும் ‘ஈரப்பத விவசாயி’. ஒரு விவசாயியால் ஆனது, குடியரசையே காத்த மடத்தால் ஆகவில்லை. அனகின் திரும்பி வந்தபோது டஸ்கன் என்ற பாலைவனக் கொள்ளையரிடம் சிக்கியிருந்த அவள் அவன் மடியிலேயே உயிர் விட்டாள். 9 வயதில் எடுத்தது தாமதம் என்பதே இதிலிருந்து மடத்தை ஆதரிப்பவர்கள் கற்கும் பாடம். தாயை விட்டுவிட்டு வந்ததுதான் பிழை என்பது என் வாசிப்பு.

போதாக்குறைக்கு, ஆற்றலுள்ள பிள்ளைகளின் பட்டியல் ஒன்றையும் மடம் வைத்திருந்தது. ‘குளோன் வார்ஸ்’ தொடரில் கேட் பேன் என்ற கூலி வேட்டைக்காரன் அதைத் திருட, ஜெடாய்களின் எதிரியான சிடியஸுக்காகக் கைக்குழந்தைகள் கடத்தப்படுகிறார்கள். பட்டியலில் இருந்ததன்றி அக்குழந்தைகள் செய்த குற்றம் எதுவுமில்லை.

போபா ஃபெட் தொடரில் 2022இல் வந்த ஒரு பகுதியில், ஷ்மியின் பேரனும் ஜெடாயுமான லூக், தன்னிடம் பயிலும் சிறுவன் குரோகுவின் முன் யோடாவின் ஒளிவாளையும், வளர்ப்புத் தந்தை அனுப்பிய பெஸ்கார் என்ற உலோகத்தாலான சட்டையையும் வைத்து ஒன்றை எடுக்கச் சொல்கிறார். பிள்ளையிடமே கேட்டது முன்னேற்றம்தான். ஆனால் மடமா உறவா, ஒன்றுதான் உண்டு என்ற பழைய நிபந்தனை அப்படியே இருக்கிறது. குரோகு சட்டையை எடுத்துக்கொண்டான். அதை அணிந்தபடி எக்ஸ்-விங் விண்கலத்தில் அவன் வந்து இறங்கிய இடம் டாட்டூயின், ஷ்மியை விட்டுவிட்டுப் போன அதே மணல் பூமி.